ரயில்மேல் உயிரான பிள்ளையை ரயில் காட்சிக்கு அழைத்துச் செல்லும்போது

எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் கூறும் முறையீடுகளில் ரயில் அடிக்கடி இடம்பெறுகிறது. எந்நேரமும் ரயில் பேச்சு, ரயில் படம், பொம்மைப் பெட்டிகளை வரிசையாக அடுக்குவது. வேறு விளையாட்டே கிடையாது. இதை நிறுத்த மருந்து உண்டா என்று கேட்கிறார்கள். வீட்டிலுள்ள ரயில் பொம்மைகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டால் பிள்ளை சரியாகிவிடுவான் என்று உறவினர் யாரேனும் ஏற்கெனவே ஆலோசனை சொல்லியிருப்பார்கள். அதற்கு மருந்து இல்லை. நிறுத்தவும் வேண்டியதில்லை என்பதே எங்கள் விடை. ஆட்டிசம் உள்ள பிள்ளை வெளியுலகை நோக்கித் திறந்து வைத்திருக்கும் கதவுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றை நாமே சாத்திவிடக் கூடாது. ஆகவே பொம்மைகளை ஒளித்துவைக்க வேண்டாம். பிள்ளையை மாதிரி ரயில்களும் பழைய என்ஜின்களும் உள்ள காட்சிக்கூடத்துக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். அந்த ஒருநாளைப் பயனுள்ளதாகவும் ஆபத்தில்லாததாகவும் ஆக்குவது எப்படி என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

ரயில்மீது ஏன் இவ்வளவு நாட்டம்? மனித முகங்களும் பேச்சும் நொடிக்கு நொடி மாறுபவை. அவற்றைப் படிப்பது இப்பிள்ளைகளுக்குக் கடினம். ரயிலோ போட்ட பாதையை விட்டு விலகாது. அதற்கு நேர அட்டவணை உண்டு, எண் உண்டு, வகை உண்டு. சக்கரம் சுழல்வதும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதும் ஒரே சீரானவை. அடுத்து என்ன நிகழும் என்பதை முன்கூட்டியே அறிய முடிகிற இடத்தில் பிள்ளையின் அச்சம் தணிகிறது. ரயிலை நேசிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டிசம் இருப்பதாக இதற்குப் பொருளில்லை. அவ்வாறாயின் நாட்டின் பாதிப் பிள்ளைகளை நாங்கள் பரிசோதிக்க வேண்டிவரும். ‘தாமஸ்’ என்னும் ரயில் என்ஜின் கதைகளே நோய்ப் படுக்கையில் பிறந்தவைதாம். இங்கிலாந்தில் ஆட்ரி என்ற பாதிரியார், தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன என்ஜின் கதைகளில் தொடங்கி, 1945இல் முதல் நூலை வெளியிட்டார்.

இந்த ஈடுபாட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆட்டிச ஆய்வு மையத்தினர், தண்டவாளத்திலும் கம்பிவடத்திலும் ஓடும் வண்டிகளுக்கு உண்மையான மனித முகங்களைப் பொருத்தி, ‘டிரான்ஸ்போர்ட்டர்ஸ்’ என்னும் அசைவூட்டப் படத்தொடரை உருவாக்கினர். அதன் 15 பகுதிகளும் மகிழ்ச்சி, கோபம், வியப்பு போன்ற உணர்ச்சிகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகின்றன. 4 முதல் 7 வயதுள்ள, ஆட்டிசம் கொண்ட பிள்ளைகள் 4 வாரம் அதை நாள்தோறும் பார்த்தபின், முக உணர்ச்சிகளை இனங்காண்பதில் தெளிவான முன்னேற்றம் கண்டதாக 2010இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆய்வில் பங்கேற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. அவர்கள் நன்கு பேசக்கூடியவர்கள். எனவே இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்திவிட முடியாது. எனினும், முகத்தைத் தவிர்க்கும் பிள்ளை ரயிலில் பொருத்திய முகத்தைப் பார்க்கிறது என்பது நாங்கள் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி. நியூயார்க்கில், பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் அமைந்துள்ள போக்குவரத்து அருங்காட்சியகம், ஆட்டிசம் உள்ள சிறுவர்களைக் குழுவாகச் சேர்த்து, ரயிலைப் பற்றிய துப்பறியும் விளையாட்டுகளின் வழியே பிறருடன் பேசிப் பழகக் கற்பிக்கிறது.

சென்னைக் குடும்பங்களுக்கு அருகிலிருப்பது, ஐ.சி.எஃப். எனப்படும் ரயில்பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த சென்னை ரயில் அருங்காட்சியகம். தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. ‘வந்தே பாரத்’ ரயிலின் முதல் தொடர் 2018இல் உருவானதும் அங்கேதான். 2002இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பழைய நீராவி என்ஜின்களும் பெட்டிகளும் வெட்டவெளியில் நிற்கின்றன. உள்ளரங்கில் சிறிய மாதிரிகள் உள்ளன. பிள்ளைகள் ஏறிச்செல்லப் பொம்மை ரயிலும் உண்டு. புனே நகரின் கோத்ருட் பகுதியிலுள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் மாதிரி ரயில்களைக் காணலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ இவ்வகையில் உலகப் புகழ்பெற்றது. அங்கே எல்லாம் உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு. ஏறத்தாழ கால் மணி நேரத்தில் ஒரு முழு ‘நாள்’ முடிந்து, கூடம் இருண்டு, சிறு வீடுகளில் விளக்கெரிகிறது. உறவினரைக் காண அயல்நாடு செல்லும் குடும்பங்கள் எங்களிடம் கேட்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம். முதல் பயணத்துக்கு அருகிலுள்ள இடமே போதும். பிள்ளைக்குத் தாங்கவில்லையெனில் அரைமணியில் வீடு திரும்ப முடிய வேண்டும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆயத்தம் தொடங்கட்டும். வீட்டிலிருந்து புறப்படுவது, நுழைவாயில், டிக்கெட் வாங்கும் வரிசை, என்ஜின்கள், பொம்மை ரயில், கழிவறை, வீடு திரும்புவது எனப் படங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒருவரி எழுதிய சிறு கதைப்புத்தகம் ஒன்றைத் தயாரித்து, இரவுதோறும் பிள்ளையுடன் வாசியுங்கள். ‘பொம்மை ரயில் ஓடலாம், சிலநாள் ஓடாமலும் இருக்கலாம், ஓடாவிட்டால் நாம் பெரிய என்ஜினைப் பார்ப்போம்’ என்னும் வரி அதில் கட்டாயம் வேண்டும். விடுமுறை நாளையும் பொம்மை ரயில் ஓடும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவின்முன் நின்று இப்பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்வது எத்தனை கடினம் என்பதை நீங்களே அறிவீர்கள். கூட்டம் குறைந்த வாரநாளின் காலைப்பொழுது சிறந்தது. ஒலியைத் தாங்காத பிள்ளைக்குக் காதுக்கவசம் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் வீட்டில் சில நாள் அணிந்து பழகாத கவசத்தை அன்று முதன்முறையாக மாட்டினால் அதுவே தொல்லையாகும்.

காட்சிக்கூடத்தில் பெற்றோர் பெரும்பாலும் ஆசிரியராக மாறிவிடுகிறார்கள். ‘இது என்ன நிறம்? எத்தனை சக்கரம்? சொல்லு’ என்று கேள்விகளை அடுக்குகிறார்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, அவன் பார்க்கும் சக்கரத்தை நீங்களும் பாருங்கள். நாற்பது நிமிடம் ஒரே சக்கரத்தைப் பார்த்தாலும் தாழ்வில்லை. நுழைவுக்கட்டணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பது பெரியவர்களின் கணக்கு. சற்று நேரத்தில் அவன் உங்கள் முகத்தையும் சக்கரத்தையும் மாறிமாறிப் பார்க்கக்கூடும், விரலால் சுட்டிக்காட்டக்கூடும். ‘நான் காண்பதை நீயும் காண்கிறாயா’ என்ற இந்தப் பகிர்வையே கூட்டுக் கவனம் என்கிறோம். பேச்சு வளர்வதற்கு அது அடித்தளம். பயிற்சி அறையில் பல வாரம் முயன்றும் கிட்டாத அந்தப் பார்வை, ஒரு நீராவி என்ஜினின்முன் தானாக வருவதைப் பெற்றோர் பலர் எங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அவன் காட்டியதை நீங்கள் ஒரு சொல்லால் பெயரிட்டால் போதும்: ‘சக்கரம்’, ‘புகைபோக்கி’.

பெரும் அழுகை வருவது பெரும்பாலும் புறப்படும் நேரத்தில்தான். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்பது பல பிள்ளைகளுக்குப் பொருளற்ற சொல். ‘இன்னும் மூன்று பெட்டி பார்த்துவிட்டு வீட்டுக்கு’ என்று விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணி முடித்தபின் நான்காவதைக் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்தமுறை உங்கள் எண்ணிக்கையை அவன் நம்பமாட்டான்.

இனி, நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், 4 வயதுக்குப்பின் ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தைவிட்டுத் தனியே வெளியேற முயல்வது ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படுவதாக 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கூறியது. அவர்கள் இலக்கின்றி அலைவதைவிடத் தமக்குப் பிடித்த ஒன்றை நாடிச் செல்வதே மிகுதி. நீர்நிலையை விரும்பும் பிள்ளை நீரை நாடும். ரயிலை விரும்பும் பிள்ளை தண்டவாளத்தை நாடும். ஒரு சூழலில் கற்றதை இன்னொரு சூழலுக்குப் பொருத்திப் பார்ப்பது இவர்களுக்கு எளிதன்று. வீட்டில் கையால் தள்ளி நிறுத்தும் ரயில், அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்கும் ரயில், மெதுவாக ஓடும் பொம்மை ரயில் மூன்றும் தீங்கு செய்யாதவை. நான்காவதாக வரும் மின்சார ரயிலும் அப்படித்தான் என்று அவன் எண்ணிவிடலாம். மேசைமேல் ஓடும் மாதிரி ரயிலுக்கு 12 வோல்ட் அளவு மின்சாரம் போதும். புறநகர் ரயிலின் மேல்நிலைக் கம்பியிலோ 25,000 வோல்ட். வேகமாக வரும் ரயில் தடையிட்ட பின்னும் பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். மின்சார ரயில் ஓசையில்லாமலும் நெருங்கிவிடும்.

காட்சிக்கூடத்துக்குப் புறநகர் ரயிலில் செல்லும் குடும்பங்கள் பல. பிள்ளைக்கு அதுவே பாதி இன்பம். ஆதலால் நடைமேடையில்தான் பாடம் தொடங்க வேண்டும். விளிம்பிலுள்ள கோட்டைக் காட்டி, ‘கோட்டுக்குப் பின்னால் நிற்போம், ரயில் நின்றபின் ஏறுவோம்’ என்று ஒரே சொற்களில், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். வீட்டில் பொம்மை நடைமேடை அமைத்துப் பொம்மை மனிதர்களைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி விளையாடுங்கள். அருங்காட்சியகத்திலும் தரையில் ஒரு கோட்டை எல்லையாகக் கொண்டு அதே சொற்களைச் சொல்லுங்கள். மூன்று இடத்திலும் ஒரே விதி என்று பதிந்தால்தான் நான்காவது இடத்தில் அது உதவும். பிள்ளை கற்றுக்கொண்டான் என்று கையை விட்டுவிட வேண்டாம். பெரியவர் ஒருவரின் பொறுப்பு பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது மட்டுமே. பையும் டிக்கெட்டும் கைப்பேசியும் மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பாட்டி, சித்தப்பா சூழ்ந்த கூட்டத்தில்தான் பிள்ளைகள் தவறிவிடுகிறார்கள். பளிச்சென்ற நிறச் சட்டை அணிவித்து, புறப்படும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணும் ‘எனக்குப் பேச வராது’ என்ற குறிப்பும் சட்டையின் உட்புறத்தில் இருக்கட்டும். பிள்ளை காணாமற்போனால் முதலில் தேடவேண்டியது அருகிலுள்ள தண்டவாளத்தையும் நீர்நிலையையும். அதே வேளையில் ரயில்வே உதவி எண் 139, குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112 ஆகியவற்றுக்கு இன்னொருவர் தெரிவிக்க வேண்டும்.

வலிப்பு நோயும் உடனிருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். பயண நாளன்று காலை மாத்திரையை விட்டுவிடாதீர்கள். முந்தைய இரவு உறக்கமும் குறையக் கூடாது. கூடத்தின் விளக்குகள் மெல்ல மங்குவதால் வலிப்பு வராது. வேகமாக விட்டுவிட்டு மின்னும் ஒளி, வலிப்பு உள்ளவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் அதைத் தூண்டக்கூடும். அத்தகைய பிள்ளையாயின் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடி, ஒளியிலிருந்து திருப்புங்கள். நாங்கள் எழுதித்தந்த மிடசோலம் மூக்குத் தெளிப்பு கைப்பையில் இருக்கட்டும். வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் 108ஐ அழையுங்கள். டோபிரமேட் அல்லது ஸோனிசமைட் உட்கொள்ளும் சில பிள்ளைகளுக்கு வியர்வை குறைவாகவே சுரக்கும். வெயிலில் அவர்களின் உடல்வெப்பம் சட்டென்று ஏறிவிடும். திறந்தவெளியிலுள்ள என்ஜின்களை இவர்கள் காலை 11 மணிக்குமுன் பார்த்துவிட்டு நிழலுக்குத் திரும்புவது நல்லது; இரும்புப் பெட்டியும் அதற்குமேல் தொடமுடியாதபடி சுடும்.

திரும்பும் வழியில் நினைவுப்பொருளாக ஒரு ரயில் பொம்மை வாங்காமல் வரமாட்டீர்கள். பெட்டிகளை இணைக்கும் சிறு காந்தங்கள் கழன்று வருமா என்று இழுத்துப் பாருங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை ஒன்றோடொன்று கவ்வித் துளையிட்டுவிடும். விளக்கும் ஒலியும் உள்ள பொம்மையில் பொத்தான் மின்கலம் இருக்கும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். உணவுக்குழாயில் சிக்கிய மின்கலம் 2 மணி நேரத்துக்குள் கடும் புண்ணை உண்டாக்கும். உண்ணத்தகாத பொருள்களை வாயிலிடும் பழக்கமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதில் மிகுந்த கவனம் கொள்க. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தில் வருமென்று காத்திராமல், எந்நேரமாயினும் எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அதே போன்ற பொம்மை ஒன்று கிடைக்குமாயின் அதையும் கொண்டுவந்தால், எக்ஸ்ரே படத்தில் தெரிவது காந்தமா மின்கலமா என்று கண்டறிய எங்களுக்கு எளிதாக இருக்கும்.