வயதின் மேல் போடும் பழி

புராஸ்டேட் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆனால் இந்தியாவில் அது எலும்பை எட்டிய பிறகே பலர் டாக்டரைத் தேடி வருகிறார்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையோ, தில்லி எய்ம்ஸோ, பெரிய புற்றுநோய்ப் பிரிவு எதிலும் இப்படி ஒரு பெரியவரைப் பார்க்கலாம். வயது 70ஐ நெருங்கும். கையில் முதுகெலும்பு எக்ஸ்ரே. பல மாதங்களாக இடுப்பு வலி. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் பார்த்தார். பிறகு எலும்பு டாக்டரிடம் போனார். சிறுநீர் கழிக்க இரவில் நான்கைந்து முறை எழுந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும். "வயசானா அப்படித்தான்" என்று இருவரும் சமாதானம் செய்துகொண்டார்கள்.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும், நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. வயதாக ஆக அது பெருக்கும். பெரும்பாலும் அது சாதாரண வீக்கம்தான், புற்றுநோய் அல்ல. சிக்கலே இங்குதான். ஆரம்ப நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வீக்கத்துக்காக டாக்டரிடம் போகிறவருக்குப் புற்றுநோயும் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. போகாதவருக்கு அதுவும் இல்லை.

முதல் சோதனை எளிது. ரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கூச்சத்தில் பலர் மறுப்பது இதைத்தான். பிஎஸ்ஏ 4 நானோகிராமுக்கு மேல் போனால் எச்சரிக்கை மணி என்பது பழைய கணக்கு. ஆனால் வீக்கமும் தொற்றும்கூட அதை ஏற்றிவிடும். அதனால் இப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால்தான் ஊசியால் சதைத் துணுக்குகள் எடுத்து பயாப்ஸி. புற்றுநோய் எவ்வளவு முரடானது என்பதைச் சொல்வது க்ளீசன் மதிப்பெண்: 6 என்றால் சாது, 8க்கு மேல் என்றால் மூர்க்கம்.

சாதுவான புற்றுநோய்க்கு உடனே கத்தி தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிரிட்டனில் சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் கொண்ட 1,643 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை, வெறும் கண்காணிப்பு. 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் முடிவு வந்தது. மூன்றிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் சாகவில்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு. மறுபுறம், அறுவைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் வரலாம். எனவே அவசரப்படாமல் முடிவெடுக்கலாம். ஆனால் அந்த அவகாசம் சீக்கிரம் வந்தவருக்கு மட்டுமே.

மூர்க்கமான வகையிலும் நம்பிக்கை உண்டு. டாடா நினைவு மருத்துவமனை 224 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. சுரப்பிக்கு மட்டுமின்றி இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கும் கதிர் செலுத்தியபோது, ஐந்து ஆண்டுகளில் பிஎஸ்ஏ மீண்டும் ஏறாமல் தப்பியவர்கள் 95 சதவீதம். சுரப்பிக்கு மட்டும் கொடுத்தபோது 81 சதவீதம்.

எலும்புக்குப் பரவிவிட்டால் முழுக் குணம் அரிது, கட்டுப்படுத்தலாம். இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன் என்பதை சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தீனியை நிறுத்த இரண்டு வழி: சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி, அல்லது விரைகளை அகற்றும் சிறு அறுவை. இரண்டாவது ஒரே முறைதான், செலவும் குறைவு. ஆண்மை போய்விடும் என்ற அச்சத்தில் பலர் தயங்குகிறார்கள். ஊசியும் அதே ஹார்மோனைத்தான் அடக்குகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். கூடவே அபிராடெரோன் போன்ற மாத்திரைகளும் ஆயுளை நீட்டிக்கின்றன. அவை இந்தியாவில் ஜெனரிக் மருந்தாகவும் கிடைக்கின்றன.

அரசின் தேசியத் திட்டம் ஊர் ஊராகத் தேடிப் பரிசோதிப்பது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத்தான். புராஸ்டேட் அதில் இல்லை. எல்லோருக்கும் பிஎஸ்ஏ பார்த்தால் தேவையற்ற பயாப்ஸியும் சிகிச்சையும் பெருகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் 50 வயதைக் கடந்தவர்களும், தந்தைக்கோ சகோதரருக்கோ இந்த நோய் இருந்தால் 45ஐத் தாண்டியவர்களும் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. பணம் ஒரு தடையாக இருந்தால், 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 70 வயதான எல்லோருக்கும் வருமானம் பாராமல் திறந்திருக்கிறது.

மற்றதை வீட்டில்தான் தொடங்க வேண்டும். "ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, அப்பா?" இந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை.