கிணற்றில் ஒரு சாண் எண்ணெய், மண்ணில் எவ்வளவு?

2013-ல் வடசென்னைத் தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டிய வீடுகளின் போர் தண்ணீரில் டீசல் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குப் போகும் பழைய குழாய் நிலத்தடியில் கசிந்திருந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் அந்த மண்ணையும் நீரையும் ஆராய்ந்தார்கள்.

கசிவை முதலில் கண்டுபிடித்தது தண்ணீர் இறைத்தவர்களின் மூக்கு. இதில் வியப்பில்லை. அரித்துப்போன இரும்பில் ஊசித்துளை விழுந்தால், ஒழுகும் அளவு மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அழுத்தமும் பெரிதாகக் குறையாது. மாதக்கணக்கில் ஒழுகினாலும் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது.

ஒழுகிய டீசல் மணலில் இறங்கி நீர்மட்டத்தை எட்டும். தண்ணீரைவிட இலேசு என்பதால் அங்கேயே தங்கிப் பக்கவாட்டில் பரவும். ஏரி மேல் ஏடு போலத் தனிப் படலமாகக் கிடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மணல் இடுக்குகளில் தண்ணீரோடும் காற்றோடும் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். கிணற்றுக்குள் மணல் இல்லை. அதனால் எண்ணெய் அங்கே கெட்டியாகத் தேங்கும். கிணற்றில் தெரியும் கனம், பக்கத்து மண்ணில் உள்ளதைவிடப் பெரும்பாலும் சில மடங்கு அதிகம். அந்த அளவைத் தெருவின் பரப்பால் பெருக்கி இத்தனை லட்சம் லிட்டர் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மண்ணைத் துளையிட்டு, ஆழம் ஆழமாக எடுத்துச் சோதித்தால்தான் கணக்கு நிற்கும்.

கனத்தை அளக்க, உணரி கட்டிய நாடாவைக் கிணற்றில் இறக்குவார்கள். எண்ணெயைத் தொட்டதும் ஒருவித ஒலி, தண்ணீரைத் தொட்டதும் வேறு ஒலி. இடையில் உள்ள நாடாவின் நீளம்தான் கனம். நீர் மாதிரியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்பு தளும்ப நிரப்பி மூடி, கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் வேறு குப்பி எடுப்பார்கள். டீசலிலிருந்து நீரில் கரைந்த பென்சீன் அந்தக் காற்றுக்குள் ஓடிவிடும், ஆய்வகத்தில் அளவு குறைத்துக் காட்டும் என்பதே காரணம். பிறகு ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள்.

பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப்போலப் பல மடங்கு சேர்ந்தால்தான் மூக்குக்கே எட்டும். வாடை நின்றுவிட்டது என்பதால் தண்ணீர் நல்லதாகிவிடாது.

மண்ணில் தங்கிய எண்ணெய் பிறகு என்னவாகும்? அமெரிக்காவின் மினசோட்டாவில், பெமிஜி ஊருக்கு அருகே 1979 ஆகஸ்ட் 20 அன்று கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. கொட்டியது சுமார் 17 லட்சம் லிட்டர். அள்ளியது போக ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே நின்றது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம் 1983 முதல் அங்கே ஆராய்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கரைந்த மாசைத் தின்பதால், நிலத்தடி நீர் நகரும் வேகத்துக்கு மாசு பரவவில்லை என்று அங்கே தெரியவந்தது.

இதைக் காட்டி, சும்மா விட்டாலே சரியாகிவிடும் என்று வாதாட எண்ணெய் நிறுவனங்களுக்கு ஆசை வரும். பெமிஜியில் இருப்பது காடு. நம் தெருவிலோ வீட்டுக்கு வீடு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரும் நீரைத் தன் பக்கம் இழுக்கும், மாசும் கூடவே வரும். மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒப்பிட்டு நீரோட்டத்தின் திசையைச் சொல்லும் பாடப்புத்தக முறை, காலை ஆறு மணிக்கு எல்லாரும் மோட்டார் போடும் தெருவில் எவ்வளவு தூரம் செல்லும்?

அளவெடுக்கும் மாதமும் முக்கியம். சித்திரையில் ஒரு சாண் எண்ணெய் காட்டிய கிணறு, கார்த்திகையில் வெறும் மினுமினுப்பைக் காட்டும். மழையில் நீர் ஏறும்போது எண்ணெயில் ஒரு பகுதி நீருக்குக் கீழே மணலிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. கோடையில் நீர் இறங்கினால் மறுபடி கிணற்றுக்கு வரும். குழாயை மாற்றியாயிற்று, கிணறு தெளிந்துவிட்டது என்று அறிக்கை வந்தால், அளவெடுத்த தேதியை முதலில் பாருங்கள்.