கரிசல்ல கருப்பு ஆடு: கண்ணுக்கும் ஒரு போடே ப்ளாட் உண்டு

போன பொங்கல் லீவுக்கு கோவில்பட்டி பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குப் போயிருந்தேன். பொழுது சாயுற நேரம். தொழுவுக்குப் போன ஆச்சி, தரையில படுத்திருந்த கன்னி ஆட்டுக்குட்டி தெரியாம இடறி விழுந்துட்டாங்க. நல்லவேளை, முழங்கையில சிராய்ப்போட போச்சு. இத்தனைக்கும் ஒரு மாசம் முன்னாடிதான் கண் டெஸ்ட். ஆங்கில ஈ எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்குனு கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் சரியா கை காட்டியிருந்தாங்க.

"எழுத்து தெரியுது, ஆடு தெரியலையா?"னு மாமா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

விடை கான்ட்ராஸ்ட்டில் இருக்கு. 1862-ல் ஸ்நெல்லன் கொண்டுவந்த சார்ட், கண்ணுக்கு எவ்வளவு சின்னது தெரியும்னு மட்டும்தான் அளக்கும். வெள்ளையில கருப்பு எழுத்து. கான்ட்ராஸ்ட் எப்பவும் ஃபுல். ஆனா கரிசல் மண்ணுல கருப்பு ஆடு?

ஃபார்முலா ஈஸி. இரண்டு இடங்களோட வெளிச்ச வித்தியாசத்தை, இரண்டின் கூட்டுத்தொகையால வகுக்கணும். தாள் 100, எழுத்து 5 என்றால் 95/105, அதாவது 90%. மண் 10, ஆடு 8 என்றால் 2/18, வெறும் 11%.

இதுல கண்ணோட எல்லையை எப்படி அளக்கிறது? நம்ம லேப்ல இருக்கிற பழைய சிஆர்ஓ போதும். ஒய் இன்புட்டுக்கு ஹை ஃப்ரீக்வன்சி முக்கோண அலை கொடுத்தா, கோடு விரிஞ்சு ஸ்க்ரீன் முழுக்க வெளிச்சமாகும். பின்பக்கம் நாம தொடவே தொடாத இசட் இன்புட் ஒண்ணு இருக்குமே, அது பிரைட்னஸை மாத்தும். அதுக்கு ஸ்வீப்போட ஒத்துப்போற சைன் வேவ் கொடுத்தா, மங்கலான பட்டைகள் அசையாம நிக்கும். ஃப்ரீக்வன்சியைக் கூட்டினா பட்டை நெருங்கும். ஆம்ப்ளிட்யூடைக் குறைச்சா கான்ட்ராஸ்ட் குறையும். சராசரி வெளிச்சம் மாறாது.

57 செ.மீ. தள்ளி உட்கார்ந்தா ஸ்க்ரீன்ல 1 செ.மீ. என்பது கண்ணுக்கு 1 டிகிரி. 10 செ.மீ. அகலத்துல 40 பட்டை இருந்தா, டிகிரிக்கு 4. இப்போ பட்டை மறையுற வரைக்கும் நாபைத் திருப்பணும். 0.5%-ல் மறைஞ்சா, அதோட தலைகீழ் 200. அதுதான் சென்சிட்டிவிட்டி. ஒவ்வொரு ஃப்ரீக்வன்சிக்கும் இப்படி எடுத்து லாக் ஷீட்ல போட்டா, அச்சு அசல் பேண்ட்பாஸ் ஃபில்டர்! நல்ல வெளிச்சத்துல உச்சம் டிகிரிக்கு 3 முதல் 5 பட்டை வரை. 60 பக்கம் போனா எதுவும் தெரியாது. கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் கேம்பெல்லும் ஜான் ராப்சனும் 1968-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இந்த மாதிரிப் பட்டைகளை வச்சுத்தான்.

சரி, ஆச்சிக்கு வருவோம். கண்புரை வந்த லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பார்க்கிற எல்லாத்து மேலயும் ஒரு வெள்ளைத் திரை விழும். அந்தத் திரை 10 யூனிட்னு வச்சுக்கோங்க. எழுத்து: 95/125, இன்னும் 76% இருக்கு. ஆடு: 2/38, அதாவது 5%. எழுத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆட்டுக்குப் பாதி போச்சு. போதாக்குறைக்கு, மங்கின வெளிச்சத்துல கண்ணோட சென்சிட்டிவிட்டியும் இறங்கிடும். சார்ட்ல பாஸான ஆச்சி தொழுவுல விழுந்தது இதனாலதான்.

இதை அளக்க சிஆர்ஓ தூக்கிட்டு அலைய வேண்டாம். அதே ராப்சன், டெனிஸ் பெல்லியோட சேர்ந்து 1988-ல் ஒரு சார்ட் கொண்டுவந்தார். எல்லா எழுத்தும் ஒரே சைஸ். மூணு எழுத்துக்கு ஒருமுறை கான்ட்ராஸ்ட் மட்டும் ரூட் 2 மடங்கு குறைஞ்சுக்கிட்டே போகும். எங்கே நிறுத்துறோமோ அதுதான் ரிசல்ட்.

புரைக்கும் நம்ம மண்ணுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. ஆபரேஷன் பண்ணினா திரும்பக் கிடைக்கிற பார்வையை யாரும் இழக்கக் கூடாதுன்னு 1976-ல் மதுரையில் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சவர்.

ஆச்சியை மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இந்தத் தடவை "எழுத்து தெரியுது, ஆனா அந்தியில படி தெரியலை, ஆடு தெரியலை"னு விவரமா சொன்னோம். புரைதான். ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களும் சாயங்காலம் தடுமாறினா, சார்ட் ரிசல்ட்டை மட்டும் நம்பி விட்டுடாதீங்க. எங்கே, எந்த நேரத்துல தெரியலைன்னு கேட்டு, அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.