கனடா வாத்தும் ஓர் அனுமதிச் சீட்டும்

தன் வயலில் இறங்கி இளம்பயிரை மேயும் ஒரு பறவையைக் கொல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரரே அரசிடம் அனுமதி பெற வேண்டுமா? அமெரிக்காவில், கறுத்த கழுத்தும் கன்னத்தில் வெள்ளைப் பட்டையும் கொண்ட கனடா வாத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அப்படித்தான்.

வரம்பற்ற வேட்டையால் பறவைகள் அருகிவந்த காலத்தில், 1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம், அதாவது பருவந்தோறும் நாடு கடந்து செல்லும் பறவைகளைக் காக்கும் சட்டம், இந்த வாத்தைக் கொல்வதையும் அதன் முட்டைகளை அனுமதியின்றி அழிப்பதையும் தடை செய்தது. ஆனால், வலசை போகாமல் ஓரிடத்திலேயே தங்கிவிட்ட கூட்டங்கள் பெருகி, கோடையில் இறகுதிர்த்துப் பறக்க இயலாத வாரங்களில் குளத்திலிருந்து நடந்தே வந்து சோயா முளைகளைக் கறித்துவிடுவதால், 2006ஆம் ஆண்டு விதிகள் ஓரளவு தளர்த்தப்பட்டன.

அதன்படி, பதிவு செய்துகொண்ட நில உரிமையாளர் இளவேனிலில் முட்டைகளின் மீது சோள எண்ணெய் பூசலாம். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டுக் கரு வளராது நின்றுவிட, முட்டை பறிபோனால் மறுபடியும் இடக்கூடிய தாய் வாத்து, ஏதும் அறியாமல் அடைகாத்தபடியே இருக்கும். எண்ணெய் பூசும் முன் முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்ப்பதுண்டு; மிதந்தால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது என்று பொருள் என்பதால், அதை விட்டுவிடுமாறு விலங்கு நல அமைப்புகள் வலியுறுத்துவது மிகவும் நியாயமானது. அடைகாக்காத வாத்துகளைக் காயப்படுத்தாமல், நாய் விட்டோ ஓசை எழுப்பியோ விரட்டுவதற்கு மட்டும் கூட்டாட்சி அரசின் அனுமதி தேவையில்லை.