பூவுக்கு ஈரம், பிள்ளைக்கு உலர்ந்த காற்று

ஆர்க்கிட் என்றால் ஏதோ மலைப்பிரதேசத்துப் பூ, ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போனால் பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்த காலம் போய்விட்டது. இப்போது கோவையில் நர்சரிக்கு நர்சரி தொட்டியோடு கிடைக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கும் பிறந்த நாளுக்கும் பரிசாகவே வந்துவிடுகிறது. அதிலும் பெரும்பாலும் ஃபலனாப்சிஸ் என்ற வகைதான். அந்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் இருக்கும் என்பதால் அந்தப் பெயராம். பூத்தால் இரண்டு, மூன்று மாதம் வாடாது. மல்லிகையை ஒரு ராத்திரிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாத நமக்கு இது பெரிய அதிசயம்தான்!

ஆனால் பலர் வீட்டில் நடப்பது என்ன? மொட்டு விடும், திரளும், நாளைக்கு விரியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிப் பொத்தென்று விழுந்துவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பாவம், தாகம் என்று தண்ணீரை ஊற்றுகிறோம். அங்கேதான் வினை.

இந்தச் செடி மண்ணில் வளர்வதில்லை, சகோதரிகளே. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்வது. மழை நனைக்கும், காற்று உலர்த்தும். வேருக்கு ஈரம் வேறு, சுற்றிலும் காற்றில் இருக்கிற ஈரம் வேறு. காற்று வறண்டுபோச்சே என்று தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும், காற்றோ வறண்டபடியேதான் இருக்கும். வேரைப் பாருங்கள். வெள்ளி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் வேண்டும். பச்சையாயிருந்தால் வேண்டாம். இதற்காகத்தான் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தொட்டியில் மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு விற்கிறார்கள்.

எங்கள் ஊர் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவை குளுமையான ஊர் என்று பேர்தான். மாசி, பங்குனியில் மத்தியானம் உதடு வெடிக்கும், துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். காரணம் இதுதான்: சூடான காற்றுக்குத் தாகம் அதிகம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை கேட்கும். காலையில் இருந்த அதே ஈரம் மத்தியானம் பாதியாகிவிட்டதாகக் காற்று நினைத்துக்கொள்ளும். அப்போது இலையிலிருந்து, மொட்டிலிருந்து, நம் தோலிலிருந்து என்று எங்கே கிடைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

சில நூறு ரூபாய்க்கு ஈரத்தை அளக்கிற சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது. ஹைக்ரோமீட்டர் என்பார்கள். நான் வாங்கி வந்தபோது என் வீட்டுக்காரர், “காத்துக்கும் மீட்டர் போட்டாச்சா? மாசக் கடைசியில பில்லு வருமா?” என்றார். வரட்டுமே! காலை ஏழு மணிக்கு 70 காட்டிய முள் மத்தியானம் மூன்று மணிக்கு 36க்கு இறங்கியதைப் பார்த்தபிறகு அவரே தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். இந்தச் செடிக்கு 50லிருந்து 70 வரை இருந்தால் சுகம்.

இத்தனை அக்கறை எதற்கு என்றால், வெறும் பூவுக்காக மட்டுமில்லை. என் மகள் இரண்டாம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுடைய மூத்தவனுக்கு மூன்று வயது, மூச்சு இளைப்பு உண்டு. ஈரம் 60க்கு மேலேயே நின்றால் சுவரிலும் அலமாரி மூலையிலும் பூஞ்சை பிடிக்கும், மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும், இரண்டும் இளைப்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “உங்க பூவுக்கு ஈரம் வேணும், எம் பையனுக்கு ஈரம் ஆகாது. என்னம்மா பண்ணப் போறீங்க?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதானே?

வீடு முழுவதையும் ஈரமாக்க வேண்டியதே இல்லை. செடியைச் சுற்றி ஒரு முழத்துக்கு இருந்தால் போதும். செடியை ஹாலில் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். படுக்கையறைப் பக்கமே கிடையாது. அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மேலே தொட்டி. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, இது முக்கியம். பக்கத்தில் மணிபிளான்டும் இரண்டு பெரணியும். செடிகள் மூச்சாக விடுகிற ஈரம் ஒன்றுக்கொன்று உதவும். அப்புறம் எங்கள் குடிதண்ணீர் மண்பானையையும் அங்கேயே நகர்த்திவிட்டேன். பானையின் உடம்பு நாள் முழுக்க கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. வாய்க்கு மூடி இருப்பதால் கொசுவும் இறங்காது. எல்லாம் சேர்ந்து மத்தியானத்தில் அந்த மூலையில் ஏழெட்டு எண் கூடியது. பெரிய லாபமில்லை என்பீர்கள். மொட்டு நின்றது, எனக்கு அது போதும். ஹாலின் மறுகோடியில் முள் அசையக்கூட இல்லை.

கொசு என்றேனே, அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கிற வீடு. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தொட்டித் தட்டில் தேங்கிய சுத்தமான தண்ணீரே அதற்குப் பிரசவ அறை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கடிப்பதும் பகலில். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், தட்டையும் கல்லையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். இதற்கு நேரமில்லாதவர்கள் தட்டே வைக்காதீர்கள். பூ போனால் போகட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, “ஏனுங்க, சும்மா பீச்சாங்குழல்ல ரெண்டு தடவை தெளிச்சா ஆச்சுங்களே” என்பார். தெளித்த ஈரம் சில நிமிஷத்தில் போய்விடும். குருத்தில் தங்கிய சொட்டு மட்டும் போகாது, ராத்திரி முழுக்க நின்று குருத்தையே அழுக வைக்கும். ஆசைக்குத் தெளிப்பதானால் காலையில் தெளியுங்கள், நடுக்குருத்தில் நின்றதைப் பழந்துணி நுனியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், இலையெல்லாம் உப்புத் திட்டாகிவிடும். எங்களுக்குச் சிறுவாணி வருகிறது, பிரச்சினை இல்லை. மற்றவர்கள் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கலாம். மின்சாரத்தில் புகை மாதிரி ஈரம் விடும் கருவியை நான் வாங்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பே வெண்தூளாக வீட்டில் பறக்கும். கழுவாமல் விட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அதையும் அறையெல்லாம் தூவும். இளைப்புள்ள குழந்தைக்கு அது எதற்கு?

மொட்டு உதிர வேறு காரணங்களும் உண்டு. ஏ.ஸி. காற்று நேரே படக்கூடாது. வெளியே குழாயில் சொட்டுகிறதே, அது அறையிலிருந்த ஈரம்தான். மேஜையில் பழுத்த வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்தில் அழகுக்காக வைப்பதும் தப்பு. பழம் பழுக்கும்போது வருகிற வாயு மொட்டைக் கொட்டிவிடும். சமையலறையில் ஆவி இருக்கிறதே என்று வைத்தால் தாளிப்புப் புகையும் அடுப்பு அனலும்தான் மிஞ்சும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். முள் 80ஐத் தாண்டும், துணி வீட்டுக்குள்ளே காயும், இதழில் பழுப்புப் புள்ளி விழும். அப்போது தட்டும் வேண்டாம், பானையையும் நகர்த்திவிடுங்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் பூவுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

நாலைந்து நாள் ஊருக்குப் போவதானால் கிளம்புகிற அன்று காலை வேர் பச்சையாகும்வரை தண்ணீர் விட்டு முழுக்க வடியவிடுங்கள். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டே கதவைப் பூட்டுங்கள்.