காம்பவுண்டு சுவர் மண்ணைத் தாங்காது

2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையம் நடூரில் நல்ல மழை. மேட்டில் இருந்த ஒரு வீட்டின் கருங்கல் சுற்றுச்சுவர், ஏறக்குறைய 20 அடி உயரம், அப்படியே சரிந்து கீழே இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போனார்கள். எல்லோரும் பட்டியல் சமூகத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தகப்பன், அந்த நிலையிலும் அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். அந்தச் சுவரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று முன்பே முறையிட்டிருந்தோம் என்றார்கள் அந்தக் குடியிருப்பு மக்கள்.

நடூரிலிருந்து அன்னூர், அவிநாசி தாண்டினால் திருப்பூர். இந்த ஊரும் மேடும் பள்ளமும்தான். கொங்கு நாட்டில் ஓடைக்கே பள்ளம் என்றுதான் பெயர். சங்கிலிப்பள்ளமும் ஜம்மனைப் பள்ளமும் நொய்யலை நோக்கி இறங்குகின்றன. அவற்றோடு ஊரும் இறங்குகிறது. பனியன் தொழில் வளர வளர, சோளமும் கம்பும் விளைந்த சரிவான புஞ்சைக் காடுகள் சைட்டுகளாகின. மேலே இருப்பவர் மண் அடித்துச் சமமாக்கி வீடோ குடோனோ கட்டுகிறார். கீழே, சுவரை ஒட்டி, லைன் வீடுகள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர்களும் பகல் ஷிப்ட் முடிந்து இரவில் தூங்குகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். எல்லை காட்ட எழுப்புகிற காம்பவுண்டு சுவர் வேறு, மண்ணை நிறுத்துகிற தாங்கு சுவர் வேறு. முதலாவது இரண்டாவதாக மாறும் நாள் எது என்று பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

அது இப்படித்தான் நடக்கிறது. முதலில் சைட்டைச் சுற்றி 6 அங்குல ஹாலோ பிளாக்கில் ஐந்தடிச் சுவர். பத்தடிக்கு ஒரு பில்லர். அதுவரை சரி. இரண்டு வருடம் கழித்து வீடு கட்டும்போது ரோட்டு மட்டத்துக்குத் தரையை உயர்த்த வேண்டியிருக்கிறது. டிப்பரில் மண் வருகிறது. "மேஸ்திரி, இருக்கிற காம்பவுண்டே போதுமல்லங்க?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். "அதெல்லாம் தாங்குமுங்க. மேல ரெண்டு வரி ஏத்திக்கலாம்" என்கிறார் மேஸ்திரி. அந்த ஒரு பேச்சில் சுவரின் வேலை மாறிவிட்டது. அஸ்திவாரம் மாறவில்லை, கம்பி மாறவில்லை, கல் மாறவில்லை.

கணக்கைப் பாருங்கள். 10 அடி உயரத்துக்குக் காய்ந்த மண் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 2.7 டன் விசையோடு வெளியே தள்ளும். அதே ஒரு மீட்டர் நீளத்தில் 6 அங்குல ஹாலோ பிளாக் சுவரின் மொத்த எடை ஒரு டன்கூட வராது. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்கு. ஐந்தடியில் தாங்கியதே, பத்தடியிலும் தாங்கும் என்பது இங்கே எடுபடாது. "மேல ரெண்டு வரி" என்பது அவ்வளவு ஆபத்தான பேச்சு.

இனி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் முழுக்க ஊறி, தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் நின்றுவிட்டால் 2.7 டன் என்பது சுமார் 6 டன் ஆகிவிடும். சுவர் அதே சுவர்தான். நம் பகுதியில் சுவர்கள் பெரும்பாலும் அடைமழையின்போதோ மறுநாளோ விழுவதன் காரணம் இதுதான். இடியும் காற்றும் தள்ளுவதில்லை. பின்னால் தேங்கிய நீர் தள்ளுகிறது.

இதில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் சரிவான சைட்டில் தண்ணீர் தானாக ஓடிச் சேரும் தாழ்ந்த மூலை எதுவோ அங்கேதான் குழி எடுக்கிறார்கள். அந்த மூலை சுவருக்கு நேர் பின்னால் இருக்கும். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் சுவரின் முதுகில் இறக்குகிறோம். செப்டிக் டேங்கையும் அங்கேயே வைக்கிறோம். அந்தக் குழியைச் சுவரிலிருந்து தள்ளி, சுவர் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் மேட்டுப் பக்கம் வைக்க வேண்டும். இடமில்லையா, கட்டுவதற்கு முன்பே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹாலோ பிளாக்கில் தாங்கு சுவர் கட்டவே கூடாதா? கட்டலாம், முறையாகக் கட்டினால். மண் அடித்த இடத்தில் அல்லாமல் கெட்டி மண் வரை தோண்டிக் கான்கிரீட் அடித்தளம் போட வேண்டும். அந்த அடித்தளம் சுவரின் அகலத்துக்கு இருந்தால் போதாது. சுவர் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், மண் இருக்கும் பக்கம் உள்ளே நீள வேண்டும். மேலே உள்ள மண்ணின் எடையே அதை அழுத்திப் பிடிக்கும். அடித்தளத்திலிருந்தே செங்குத்துக் கம்பிகள் எழும்பி, பிளாக்கின் ஓட்டைகள் வழியாகப் போய், அந்த ஓட்டைகள் கான்கிரீட்டால் நிரம்ப வேண்டும். ஓட்டையைக் காலியாக விட்டுவிட்டு வெளியே பூசிய சுவர் பார்ப்பதற்கு அதே போலத்தான் இருக்கும். பூச்சு உள்ளே இருப்பதைக் காட்டாது. அதனால் கான்கிரீட் ஊற்றும் நாளில் வீட்டுக்காரர் நேரில் நிற்க வேண்டும். ஆறேழு அடிக்கு மேல் போனால் கம்பி கட்டிய முழுக் கான்கிரீட் சுவர்தான் நல்லது. அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடம் வேண்டும். அவருக்குக் கொடுக்கிற கூலி சுவர் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இடம் இருப்பவர்கள் பத்தடிச் சுவர் ஒன்றுக்குப் பதில் ஐந்தடிச் சுவர் இரண்டாகப் படி வைத்துக் கட்டலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே பத்தடியாவது இடைவெளி வேண்டும். நெருக்கிக் கட்டினால் மேல் சுவரின் பாரம் முழுவதும் கீழ் சுவரின் தலையில்தான்.

சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, கீழிருந்து மேல் வரை. அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண் வடிகட்டும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணி ஊர்தானே என்று கட்டிங் வேஸ்ட்டைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். பருத்தி மண்ணுக்குள் மக்கிப்போகும், துளைகளை அடைக்கும். இந்த வேலைக்கான துணி பாலிபுரொப்பிலீனிலோ பாலியெஸ்டரிலோ செய்தது. சுவரின் அடியில் 3 அங்குல பைப் துளைகள், நான்கைந்து அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வாக. துளையிலிருந்து வரும் நீர் கீழ்வீட்டு முற்றத்தில் கொட்டாமல் உங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு சாக்கடை. நிரப்புவதற்குப் பல்லடம், தாராபுரம் பக்கத்துக் கரிசல் மண் ஆகாது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கிராவல் மண்ணை முக்கால் அடி முக்கால் அடியாகப் போட்டு இறுக்க வேண்டும்.

கீழே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, கண் போதும். சுவரின் தலையிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் மேலே ஓர் அளவு, நடுவே ஓர் அளவு என்றால் சுவர் சாய்ந்திருக்கிறது அல்லது வயிறு தள்ளியிருக்கிறது. படிக்கட்டுப் போல வரி வரியாக இறங்கும் விரிசல், பில்லரும் சுவரும் பிரிந்த இடைவெளி, மேல்வீட்டுத் தரையில் சுவரை ஒட்டி நீளமாக ஓடும் வெடிப்பு, மழை நின்ற பிறகும் காயாத ஈரத் திட்டு, வெள்ளையாகப் பூத்த உப்பு, இவையும் ஆபத்தின் அடையாளங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டினால் அது பழைய விரிசல் அல்ல, சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது. துளைகள் இருந்தும் மழையில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். துளை அடைத்திருக்கலாம்.

விரிசலில் சிமெண்ட் அப்பிச் சுண்ணாம்பு அடிப்பது பழுதுபார்ப்பு அல்ல. அடையாளத்தை மறைக்கிற வேலை. முதலில் பாரத்தை இறக்க வேண்டும்: பின்னால் உள்ள மண்ணை மேலிருந்து வெட்டி எடுக்க வேண்டும், தண்ணீரைத் திருப்ப வேண்டும், முன்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே சுவரைத் தொட வேண்டும். வேலை மாசி, பங்குனியில் நடக்கட்டும். சுவரின் காலடியில் நீளமாக ஜேசிபியை விட்டுத் தோண்டுவது கொலைக்குச் சமம். ஒரு சிறு பகுதியைத் தோண்டிக் கட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதி. 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேல் அருகே காந்திநகரில் தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மேலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடமும் மண்ணும் சரிந்து 6 பெண் தொழிலாளிகள் இறந்தார்கள். சித்தாள் வேலைக்கு வந்தவர்கள். சுவர் கட்டுகிறவர்களே சுவரில் சாவது இங்கே புதிதல்ல. வேலை கொடுக்கிறவர் குழிக்கு முட்டுக் கொடுத்த பிறகே ஆளை இறக்க வேண்டும். தொழிலாளி நலவாரிய அட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டாலும் வேலையில் இறந்தால் இழப்பீடு கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

இனி சட்டம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பக்கத்து நிலங்கள் ஒன்றையொன்று இயற்கையாகத் தாங்கி நிற்பதை உரிமையாகவே சொல்கிறது. உங்கள் எல்லையை ஒட்டிப் பள்ளம் வெட்டி, மேட்டு நிலத்தைச் சரியவிடுவது தவறு. ஆனால் அந்த உரிமை இயற்கையான நிலைமையில் இருக்கும் நிலத்துக்குத்தான். மேட்டுக்காரர் டிப்பர் டிப்பராகக் கொட்டிய மண்ணைத் தாங்கும் கடமை கீழ்வீட்டுக்காரருக்கு இல்லை. கொட்டியவர்தான் தாங்க வேண்டும், தன் எல்லைக்குள், தன் செலவில். "சுவர் செலவில் பாதி நீங்க போடுங்க" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். மழைநீர் இயற்கையாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதைக் கீழ்வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. அதற்காகப் பைப் வைத்து ஒரே இடத்தில் கொட்டலாம் என்று பொருள் அல்ல.

சுவர் விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதைத்தான் நம் மக்கள் அதிகம் அறியாமல் இருக்கிறார்கள். விழக்கூடிய நிலையில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ, செப்பனிடவோ, முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. சப்-கலெக்டரிடம் அல்லது ஆர்.டி.ஓ.விடம் போட்டோக்களோடு மனுக் கொடுத்தால் போதும்; வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. அதே மனுவின் நகலை மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரிடம், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள். மனு எண் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். "நேர்ல சொல்லிட்டனுங்க" என்பதற்கு நாளை மதிப்பு இருக்காது.

சுவருக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா, ஆய்வு நடந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுவாக 30 நாள் கெடு. உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். அந்த வரியை மனுவில் எழுதிவிடுங்கள். சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவும், சுவரைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவும் கேட்கலாம். செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. பனியன் கம்பெனியில் கட்டிங், டெய்லர், செக்கிங் வேலை பார்க்கிறவர் அந்தக் கணக்கில் வருவார். எண் 15100.

வாடகைக்கு இருப்பவர்கள் "நமக்கென்ன" என்று விட்டுவிட வேண்டாம். வாடகை வீட்டின் கட்டுமானப் பழுதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் உங்கள் பெயரிலேயே மனுக் கொடுக்கலாம். ஆபத்தில் இருப்பது உங்கள் உயிர், பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன?

மேட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் கட்டுவதும் இடிப்பதும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 290ஆவது பிரிவில் குற்றம்; யாரும் சாகாவிட்டாலும் குற்றம்தான். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. நடூர்ச் சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அரசு ஒவ்வொரு உயிருக்கும் நிவாரணம் கொடுத்தது. இரண்டும் நடந்தது 17 பேர் போன பிறகுதான்.

மனுக் கொடுத்த அன்றே சுவர் சரியாகிவிடாது. அதுவரை சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம். சுவர் சாய்ந்திருந்து மழையும் வலுத்தால் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழையுங்கள். நடூரில் சுவர் விழுந்தபோது எல்லோரும் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.