விம்மில் தமிழ்: தேடினால் கிடைக்க வேண்டும்

விம் எடிட்டரை எப்படிப் பழகுவது என்று ஆங்கிலத்தில் ஆயிரம் குறிப்புகள் இருக்கின்றன. அதையே தமிழில் திருப்பி எழுதுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு தமிழ்க் கோப்பை, அதுவும் பழைய நூல் ஒன்றின் நீளமான மூலப்பாடத்தை, விம்மில் திறந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளைக் காதில் விழுகிற ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளாகவே தட்டுங்கள்.

விம்மைத் தொடாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விஷயம். 1970-களின் நடுவில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐ-தான் இதன் தாத்தா. பிராம் மூலெனார் 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்டதுதான் விம். அவர் 2023 ஆகஸ்டில் காலமானார். (விம்மைத் திறந்தால் வரவேற்புத் திரையில் உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி ஒன்று வரும். அது அவர் வைத்தது.) இந்த எடிட்டரில் தட்டுவது ஒரு நிலை, தட்டியதைக் கையாள்வது இன்னொரு நிலை. கையாளும் நிலையில் 'ஜே' அடித்தால் ஒரு வரி கீழே போகும், 'கே' அடித்தால் மேலே, 'எச்' இடது, 'எல்' வலது. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகள் இந்த நான்கு சாவிகளின் மேல்தான் அச்சடித்திருந்தன. கணக்கு அவ்வளவுதான், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

தமிழுக்கு முதல் அடி விழுவதும் இங்கேதான். தமிழ்99 விசைப்பலகையில் அந்த நான்கு சாவிகளில் என்ன இருக்கிறது? எச் = க, ஜே = ப, கே = ம, எல் = த. நீங்கள் தமிழில் ஒரு வரி தட்டிவிட்டு, எஸ்கேப் அழுத்தி, கீழே போகலாம் என்று ஜே அடிப்பீர்கள். கணினி இன்னும் தமிழில் இருக்கும். விம்முக்குப் போய்ச் சேர்வது 'ப'. 'ப' என்று அதற்கு ஒரு கட்டளை கிடையாது, 'டொய்ங்' என்று கத்தும். ஒவ்வொரு தடவையும் எஸ்கேப், மொழி மாற்று, கட்டளை, மறுபடி மொழி மாற்று என்று போனால் அரை மணி நேரத்தில் வெறுத்துப்போய் நோட்பேடுக்குத் திரும்பிவிடுவோம். தமிழில் எழுதுகிறவர்கள் விம்மைக் கைவிட இதுதான் முதல் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

தீர்வு, மொழி மாற்றும் பொறுப்பைக் கணினியிடமிருந்து பிடுங்கி விம்மிடம் கொடுப்பது. கணினி எப்போதும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விம்முக்குள் 'கீமேப்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தட்டும் நிலையில் கண்ட்ரோலும் 6-ம் சேர்த்து அழுத்தினால் கீமேப் உயிர்பெறும், மறுபடி அழுத்தினால் அணையும். இதன் அழகு என்னவென்றால், எஸ்கேப் அடித்த அடுத்த நொடியே எல்லாச் சாவியும் தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். மீண்டும் தட்டும் நிலைக்குப் போனால் விட்ட இடத்தில் தமிழ் காத்திருக்கும். நீங்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வரிக்குள் குறிப்பிட்ட எழுத்துக்குத் தாவும் 'எஃப்' கட்டளை, ஓர் எழுத்தை மாற்றும் 'ஆர்' கட்டளை இவற்றுக்குப் பின்னால் வரும் எழுத்தும் தமிழாகவே போகும். சாய்கோடு போட்டுத் தேடும்போதும் அப்படியே. இவ்வளவு யோசித்து வைத்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கண்ட்ரோல்-6-ஐக் கையாளும் நிலையில் அழுத்திவிடாதீர்கள். அங்கே அதற்கு 'முந்தைய கோப்புக்குப் போ' என்று பொருள்.

விம்மோடு வருகிற கீமேப் கோப்புகளில் தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் அது பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது, இன்றைக்கு நமக்கு ஆகாது. நாமே ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான். உங்கள் வீட்டு அடைவில் உள்ள விம் அடைவுக்குள் கீமேப் என்று ஓர் அடைவு, அதற்குள் ஒரு கோப்பு. அதில் 'லோட்கீமேப்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே வரிக்கு ஒரு ஜோடி: இடப்பக்கம் தட்டும் சாவிகள், வலப்பக்கம் வரவேண்டிய எழுத்து. தமிழ்99 முறைப்படி 'எச்' என்றால் க, 'எச் எஸ்' என்றால் கி, 'எச் எஃப்' என்றால் க். இப்படி எழுதிக்கொண்டே போனால் எத்தனை வரி வரும்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சரியாக 247 வரி. கையால் அடிக்க வேண்டாம், பைத்தானில் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று ஓட்டினால் கொட்டிவிடும். கிரந்த எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு குறை. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுமே, அந்த வசதி இந்த எளிய கோப்பில் வராது. நீங்களே புள்ளி வைக்க வேண்டும். இரண்டாவது, 'எச்' அடித்ததும் அடுத்த சாவி வருமா என்று விம் ஒரு விநாடி காத்திருக்கும். அதற்குள் வராவிட்டால் 'க' என்று முடிவு செய்துவிடும், பிறகு நீங்கள் தட்டும் 'எஸ்' தனி 'இ' ஆகிவிடும். மெதுவாகத் தட்டுகிறவர்கள் 'டைம்அவுட்லென்' என்ற அமைப்பை 1000-இலிருந்து 3000-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு யோசனை இருக்கிறது: எஸ்கேப் சாவி தூரமாக இருப்பதால், தட்டும் நிலையில் 'ஜே கே' என்று அடித்தால் எஸ்கேப் என்று வைத்துக்கொள் என்பார்கள். ஆங்கிலத்தில் ஜேயும் கேயும் அடுத்தடுத்து வரும் சொல் அரிது, அதனால் அங்கே சரி. தமிழ்99-இல் அது 'பம'. பம்பரம் என்று எழுத முயன்றால் முதல் எழுத்திலேயே வெளியே தள்ளிவிடும்! கேப்ஸ்லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது நல்லது. அதுவும் முடியாதென்றால் கண்ட்ரோலும் இடது சதுர அடைப்புக்குறியும் எஸ்கேப்பின் வேலையையே செய்யும்.

தட்டுவது இத்தோடு போதும். எனக்கு விம் ஏன் வேண்டியிருக்கிறது என்பது தேடலில்தான் இருக்கிறது.

யூனிகோடில் 'கா' என்பது ஒரே எழுத்து அல்ல. க ஒன்று, அதன்மேல் ஒட்டும் கால் ஒன்று, ஆக இரண்டு. பிரவுசரில் 'கண்ண' என்று தேடினால் கண்ணன், கண்ணி, கண்ணே எல்லாம் சிக்கும். ஏனென்றால் அது குறியீடுகளை வரிசையாகப் பார்க்கிறது. விம் அப்படியில்லை. அதற்கு 'ணி' என்பது ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்காது. 'கண்ண' என்று தேடினால் கண்ணன் கிடைக்கும், கண்ணி கிடைக்காது. இலக்கணப்படி பார்த்தால் விம் செய்வதுதான் நியாயம். ஆனால் தெரியாமல் தேடுகிறவருக்கு ஆபத்து. 'இந்த நூலில் இந்தச் சொல் எங்குமே வரவில்லை' என்று ஒருவர் கட்டுரையில் எழுதிவிடுவார். சொல் அங்கேயே இருக்கும், வேற்றுமை உருபை மாட்டிக்கொண்டு. 'மரத்த' என்று தேடினால் மரத்தை, மரத்தில், மரத்து எதுவும் வராது. 'மர' என்பதோடு நிறுத்தினால் எல்லாம் வரும். தேடும் பகுதி எந்த எழுத்தில் முடிகிறது, அதன்மேல் விகுதி ஏறுமா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வசதியும் விம்மில் இருக்கிறது. அதன் உதவிக் குறிப்பு ஹீப்ரு, அரபு மொழிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நமக்கு அவர்களைவிட அதிகம் உதவும் என்பது என் கட்சி. தேடும் சொல்லோடு எங்காவது ஒரு பின்சாய்கோடும் பெரிய இஸட்டும் சேர்த்துவிட்டால், ஒட்டும் குறிகளை எல்லாம் கண்டுகொள்ளாமல் தேடும். 'காலம்' என்று கொடுத்தால் க-ல-ம என்ற எலும்புக்கூடு மட்டுமே கணக்கு. கலம், காலம், கோலம், கீலம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. அச்சுக்கு வரும்போது எது குறில், எது நெடில், எங்கே புள்ளி என்று முடிவெடுத்தவர் பதிப்பாசிரியர். இரண்டு பதிப்புகள் ஒரே அடியில் வேறுபட்டு நின்றால், பல சமயம் வேறுபாடு இந்த ஒட்டும் குறிகளில்தான் இருக்கும். பாடபேதம் தேடுகிறவருக்கு, குறிகளை உதிர்த்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் தேடுவது கிட்டத்தட்ட சுவடியின் கண்ணால் பார்ப்பது போல. ஒரு பதிப்பை மேலேயும் மற்றதைக் கீழேயும் பிரித்துத் திறந்துவைத்து, ஒரே தேடலை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. சுவடியில் காலும் ரகரமும் ஒரே உருவம். விம்முக்கு கால் ஒட்டும் குறி, ர தனி எழுத்து. அதனால் அந்தக் குழப்பத்தை இது பிடிக்காது. 'காலம்' அல்லது 'கரலம்' என்று இரண்டையும் கொடுத்துத் தேட வேண்டியதுதான். ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய கோப்புகளிலும் இதே கால்-ரகரக் குழப்பம் வரும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. சந்தேகம் வந்தால் எழுத்தின்மேல் நின்று 'ஜி ஏ' அடியுங்கள். 2965, 3018 என்று இரண்டு எண் வந்தால் சரியானது. 2965, 3014, 3006 என்று மூன்று வந்தால் உடைந்தது. கோப்பு முழுக்க ஒரே வீச்சில் சரிசெய்ய, ஐசியு தொகுப்போடு வரும் 'யூகான்வ்' கருவிக்கு விம்மிலிருந்தே கோப்பை அனுப்பி வாங்கலாம்: கோலன், சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிறகு 'யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி'. விம்மின் தேடி மாற்றும் கட்டளையால் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். ஒட்டும் குறியில் தொடங்கும் தேடல் அடியெழுத்தையும் சேர்த்துப் பிடித்து விழுங்கிவிடும்.

யூகான்வுக்கும் தெரியாத ஒன்று, ஔவையார். ஔ ஓர் எழுத்து. ஆனால் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக 'ஒளவையார்' என்று தட்டிவிடுகிறார்கள். யூனிகோட் பார்வையில் இரண்டும் வெவ்வேறு சொல், எந்தக் கருவியும் தானாக ஒன்றாக்காது. 'ஸ்ரீ'யும் அப்படித்தான், இரண்டு விதமான ச-வை வைத்து எழுதலாம், உருவம் ஒன்றே. இவற்றைத் தேடி மாற்றும்போது கட்டளையின் கடைசியில் 'ஜி சி' போடுங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி உங்களிடம் கேட்கும். 'ஒளவை' வேண்டாம்தான், ஆனால் 'ஒளி' வேண்டுமே!

சின்னச் சின்னதாகச் சில. 'டெல்கம்பைன்' என்ற அமைப்பைப் போட்டுவைத்தால், 'கொ'வில் பேக்ஸ்பேஸ் அடிக்கும்போது குறி மட்டும் போகும், க தங்கும். போடாவிட்டால் எழுத்து முழுசாகப் போய்விடும். 'சி ஐ டபிள்யூ' அடித்து ஒரு தமிழ்ச் சொல்லை மாற்றுவதும், புள்ளிச் சாவியால் அதையே அடுத்த இடத்தில் திரும்பச் செய்வதும் குறையின்றி நடக்கும். தேடலில் பின்சாய்கோடு-டபிள்யூ மட்டும் தமிழ் எழுத்தைக் கண்டுகொள்ளாது, அதற்குப் பதில் பின்சாய்கோடு-கே போடுங்கள். நீளமான சொல்லில் முதல் சில எழுத்தைத் தட்டி கண்ட்ரோல்-என் அடித்தால், கோப்பில் முன்பே வந்த சொற்களைக் காட்டும். உரையாசிரியர் நடையைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது வரம். ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண, மாற்றும் கட்டளையின் கடைசியில் 'ஜி என்' போட்டால் எதையும் மாற்றாமல் எண்ணிக்கை மட்டும் சொல்லும். கோலன், ஜி, சாய்கோடுகளுக்கு நடுவில் சொல் என்று அடித்தால் அந்தச் சொல் வரும் அடிகள் எல்லாம் பட்டியலாக விழும். வரி எண்ணையும் போட்டுவைத்திருந்தால் கையடக்கச் சொல்லடைவு தயார்.

அந்தச் சொல்லடைவை அகரவரிசைப்படுத்த மட்டும் விம்மின் 'சார்ட்' கட்டளையை நம்பாதீர்கள். அது யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அங்கே ந-வுக்கு அடுத்தே ன வரும், ர-வுக்கு அடுத்தே ற வரும், ழ-வுக்கு முன்னால் ள வரும், கௌ முடிந்த பிறகுதான் க் வரும். நம் வரிசை தெரிந்த ஒரு சின்ன நிரலை எழுதி, யூகான்வுக்கு அனுப்பிய அதே ஆச்சரியக் குறி வழியாக அதற்கு அனுப்புங்கள்.

திரையில் தெரிவதைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். 'ர'வுக்கும் 'ணை'க்கும் ஒரே அகலக் கட்டத்தை ஒதுக்கினால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சில டெர்மினல்களில் கர்சர் ஓர் இடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் விழும். டெர்மினலுக்கு டெர்மினல், விம்மின் பதிப்புக்குப் பதிப்பு இது மாறும். இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, சகிக்கக்கூடியதை வைத்துக்கொள்ளுங்கள். நான் திருத்துவதை விம்மிலும், உட்கார்ந்து படிப்பதைப் பக்கத்தில் திறந்த பிரவுசரிலும் செய்கிறேன்.